வைக்கோற்பழ அபிவிருத்தித் திட்டம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரத்தைக் கண்டது. அதற்கடுத்த மாபெரும் பாய்ச்சல் 1959-இல் கொடைக்கானலில், ஓர் அரசு அலுவலகத்தின் மொட்டை மாடியில் நிகழ்ந்தது. மண்ணெண்ணெய் டின்னில் ஸ்ட்ராபெரி!

திட்டத்தின் தந்தை, அதிகாரி சேனாதிபதி. மண்ணைச் சுமந்து மாடியேற்றியவர் மட்டும் தோட்டக்காரர் அருளப்பன். பதினோரு வருஷமாக அவர் 'தற்காலிகம்'.

"சார், கீழே ரெண்டு ஏக்கர் சும்மாத்தானே கெடக்கு? அங்கேயே வைக்கலாங்களே?"

"அது அடிக்கல் நாட்ட ஒதுக்கின இடம்யா. அங்கே எதுவும் முளைக்கக் கூடாது."

இந்த ஞானத்தை வணங்கி அருளப்பன் அடுத்த மண்மூட்டையைத் தூக்கினார். மேலிடத்திலிருந்து பார்வையிட வரும்போது செடியில் பழமிருந்தால் வேலை நிரந்தரம் என்றும் சேனாதிபதி சொல்லியிருந்தார். ஆகவே உறைபனிக் காலத்தில், வீட்டிலிருந்த இரண்டு கம்பளிகளையும் இருபது டின்களுக்குப் போர்த்திவிட்டு அருளப்பன் குளிரில் நடுங்கினார். மனைவி கித்தேரியம்மாள் திட்டிய திட்டு எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

செடிகள் காய்த்தன. கடிதங்கள் இனிப் பிழையற்ற தமிழில்தான் என்று உத்தரவும் வந்தது. தமிழ்ப்பற்று பொங்கிய சேனாதிபதி 'ஸ்ட்ரா' என்றால் வைக்கோல், 'பெரி' என்றால் பழம் என்று பிரித்து, "வைக்கோற்பழம் விளைந்துவிட்டது" என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் 'வைக்கோல்' வரை படித்தது. அதற்குமேல் படிக்க நேரமின்றிக் கோப்பைக் கால்நடைப் பிரிவுக்கு அனுப்பிவைத்தது.

ஏப்ரலில் ஜீப்பில் மூன்று கால்நடை அதிகாரிகள் வந்து இறங்கினார்கள்.

"வைக்கோல் எங்கேய்யா?"

"வைக்கோல் இல்லீங்க. பழமுங்க. இந்தா, செவந்து கெடக்குதுங்களே."

"அப்படியா? பரிசோதிக்கணுமே."

பரிசோதனை நுணுக்கமாக நடந்தது. முதல் டின்னில் தொடங்கி இருபதாவது டின்னில் முடிந்தது. புளிப்பைப் பற்றி ஐயம் எழுந்தபோது சேனாதிபதியே சர்க்கரை கொண்டுவந்து விஞ்ஞானத்துக்கு உதவினார். கூடவே தாமும் பரிசோதித்தார்.

"சார், ஒரு நாலு பழமாச்சும் விட்டு வையுங்க. என் சோலியே அதுலதான் இருக்கு."

"அறிக்கையில வரும்யா, கவலைப்படாதே."

வந்தது. 'பார்வையிட்ட இடத்தில் வைக்கோல் இல்லை. ஏதோ தின்றிருக்கலாம்.' உடனே அருளப்பனுக்கு ஒரு மெமோ: 'அரசாங்க வைக்கோலைத் தின்றது எது? மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் வேலை நீக்கம்.'

சேனாதிபதி கருணையோடு வழி சொன்னார். "மாடு மாடியேறித் தின்னுட்டுதுன்னு வெரசா எழுதிக் குடுத்திரு. உன் வேலை தப்பிச்சிரும்."

அருளப்பனுக்கு எழுத வராது. டைப்பிஸ்ட் தெரசம்மாளிடம் போய் நின்றார்.

"மாடுன்னே போடு, தங்கச்சி. தின்ன மாடுக மொத்தம் நாலு. ஒண்ணு இந்த ஆபீசு மாடு. மத்த மூணும் நாலு கால்ல வரல, நாலு சக்கரத்துல..."

விசைமேல் தெரசம்மாளின் விரல் நின்றது. "அண்ணே, சாரையும் சேர்த்தா? வேலை போயிருமே. 'வந்தார்கள்'னாவது அடிக்கட்டுமா?"

பதினோரு வருஷமும் இரண்டு கம்பளியும் அருளப்பன் நெஞ்சில் எரிந்தன.

"மாட்டுக்கு யாரும்மா 'வந்தார்கள்'னு போடுவா? தமிழ்ல தப்பு வரக்கூடாதுன்னு உத்தரவு. 'வந்தன'ன்னு அடி."