ஃபின்டனை ஆளாக்கியவர்

பிறரை ஆளாக்கியவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. அவர்கள் தாங்கள் ஒன்றும் ஆகமாட்டார்கள். அதற்கு நேரம் ஏது? ஊரில் ஒருவனுக்குப் பெயர் வந்தால் போதும், மழைக்குப் பிறகு காளான் மாதிரி முளைத்துவிடுவார்கள்.

டோனகல் கடற்கரையில் எங்கள் ஊருக்கு வாய்த்தவர் மாலக்கி டூஹி. இரும்புக்கடைக்காரர், கோல்ஃப் கிளப்பின் தலைவர். எங்கள் ஊர்ப் பையன் ஃபின்டன் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரனாகித் தொலைக்காட்சியில் தெரிய ஆரம்பித்த நாள்முதல், மாலக்கி கிளப் மதுக்கூடத்தின் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மட்டையைப் பிடிக்கும் விதம் தான் காட்டியது என்றும், அந்தத் தோள்திருப்பல் தன்னுடையது என்றும், எதிர்காற்றில் பந்தைத் தாழ்வாக அனுப்பும் வித்தை தன் குடும்பச் சொத்து என்றும் சொல்லி வந்தார். ஃபின்டன் ஜெயித்தால், "அடிச்சோம் பாத்தியா!" தோற்றால், "அடிச்சான் பாரு!"

மாலக்கியின் சொந்த ஆட்டமா? அவர் அடித்த பந்துகளை எங்கள் ஊர் ஆடுகள் இன்னும் மோந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் தாராள மனசு. நட்பு ஆட்டத்தில் பந்து குழிக்கு ஒரு முழம் பக்கத்தில் நின்றால், உள்ளே போனதாகவே வைத்துக்கொள்ளச் சொல்லி எதிராளி விட்டுக்கொடுப்பது வழக்கம். மாலக்கியின் முழம் இரண்டு முழம் நீளும். ஃபின்டனோடு ஆடும்போதெல்லாம், "எடுத்துக்கடா ராஜா, நீ போய் இதையெல்லாம் தட்டணுமா?" என்பார். அடுத்த நிமிடம் தன் பந்துக்கும் அதே மரியாதையை எதிர்பார்ப்பார் என்பது வேறு விஷயம்.

தொழில்முறைப் போட்டியில் விட்டுக்கொடுக்க ஆள் கிடையாது. போன இலையுதிர்காலம், ஆண்டின் கடைசிப் போட்டி, கடைசிக் குழி. பந்து உள்ளே போனால் அடுத்த ஆண்டும் பெரிய போட்டிகளில் ஃபின்டனுக்கு இடம் உண்டு. போகாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் போய், அடிமட்டத்திலிருந்து மறுபடி ஏறவேண்டும். குழிக்கும் பந்துக்கும் இடையே இரண்டு முழம். மதுக்கூடமே தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தது.

"அட, இது போனமாதிரிதான்" என்று மாலக்கி கோப்பையைத் தூக்கினார்.

பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது.

நான் என் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். மாலக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. "நான் அப்பவே சொன்னேன், அவனுக்குச் சின்ன அடி வராதுன்னு. என் பேச்சை எங்க கேட்டான்?"

அடுத்த வாரம் ஃபின்டன் ஊருக்கு வந்தான். அவன் மதுக்கூடத்தில் நுழைந்ததும் நாங்கள் எல்லோரும் எங்கள் காலணிகளை ஆராய ஆரம்பித்தோம். மதுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் நோரீன் மட்டும், "வாப்பா, உக்காரு" என்று கோப்பையை நிரப்பினாள். மாலக்கி எழுந்துபோய் அவன் தோளில் கை போட்டார்.

"இத்தனூண்டு அடியில கோட்டை விட்டுட்டியேடா! உனக்கு நான் எல்லாமே சொல்லிக்குடுத்தேனே!"

"எல்லாமே சொல்லிக்குடுத்தீங்கண்ணே" என்றான் ஃபின்டன். "இந்தச் சின்ன அடியை மட்டும்தான் ஒருநாளும் என்னை அடிக்கவே விடல."

நோரீன் களுக்கென்று சிரித்துவிட்டாள். மாலக்கி எங்கள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் பெருமை.

"கேட்டீங்களா? எல்லாமே நான்தான்னு அவனே ஒத்துக்கிட்டான்!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் தெருவில் ஒருவனுக்குப் பெயர் வந்தபோது, "நம்ம பையன்தான்" என்றீர்களே, அவன் சறுக்கி விழுந்த அன்று என்ன சொன்னீர்கள்?