ஒரு சாயங்காலம் போதும்

சிவப்பு விளக்கில் எத்தனை கார் நின்றாலும் காட்ஃப்ரியின் காரை யாரும் தவறவிட முடியாது. கூரைமேல் 'காட்ஃப்ரி ஓட்டுநர் பள்ளி' என்று மஞ்சள் பலகை. கதவில் 'பொறுமையாகச் சொல்லித் தரப்படும்' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் வந்து நின்ற பஸ்ஸின் டிரைவர் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன வாத்தியாரே, விளக்கு விழ மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் பேசிப் பாக்குறீங்களா? ஒரு சாயங்காலம் போதுமே உங்களுக்கு."

காட்ஃப்ரி காது கேளாதவர் மாதிரி நேரே பார்த்தார். கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த டிலிஸ் சிரிப்பை அடக்கப்போய்க் கிளட்சை விட்டுவிட்டார். கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. பின்னால் ஆறேழு ஹாரன் ஒரே சமயத்தில் அலறின.

"சிரிக்கணும்னா ஓரமா நிறுத்திட்டுச் சிரிங்க டிலிஸ்," என்றார் காட்ஃப்ரி.

"மன்னிச்சிருங்க. எங்கிட்ட பல் புடுங்க வர்றவங்ககூட உங்களப் பத்தித்தான் பேசுறாங்க. வாயில பஞ்சு வெச்ச பிறகும் பேசுறாங்க."

டிலிஸ் ஊரில் பல் மருத்துவர். நாலு தடவை ஓட்டுநர் தேர்வில் தோற்றவர். அவரிடமே கேலிப்பேச்சு வாங்கும் நிலைமைக்குத் தான் வந்துவிட்டதை நினைக்கும்போது காட்ஃப்ரிக்குக் காது சுட்டது.

எல்லாம் ஒரு மைக்கால் வந்த வினை.

அது மார்ச் மாதம். பிரெக்ஸிட் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மறுபடியும் வேண்டாம் என்று தள்ளிய மறுநாள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதென்று நாடு ஓட்டுப் போட்டு மூன்று வருஷம் ஆகப் போகிறது. எப்படிப் போவது என்று இன்னும் பேசிக்கொண்டே இருந்தார்கள். போகணும் என்றவர்களும் கூடாது என்றவர்களும் அந்த யார்க்‌ஷயர் ஊரில் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனார்கள். இரண்டு கட்சிக்கும் வெறுத்துப் போயிருந்தது. காட்ஃப்ரி எந்தக் கட்சி என்பது அவர் மனைவி அவ்ரிலுக்கே தெரியாது. அவர் இரண்டு கட்சியையும் சமமாகத் திட்டுவார்.

அன்று சந்தைத் திடலில் பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்றைக் கடித்துக்கொண்டு நின்றவரின் முன்னால் ஒரு டிவிக்காரப் பெண் மைக்கை நீட்டினாள். அவர் வாயில் இருந்ததை விழுங்கக்கூட இல்லை.

"மூணு வருஷமா என்னத்தக் கிழிச்சாங்க? போறவன் போக வேண்டியதுதானே. இதுல பேச என்ன இருக்கு? எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு என்ன ஒருத்தன உள்ள உக்கார வைங்க. ஒரு சாயங்காலம் போதும். டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுக் காட்டுறேன்."

அந்தக் காட்சி நாடு முழுவதும் சுற்றியது. முதல் இரண்டு நாள் காட்ஃப்ரிக்குக் கால் தரையில் இல்லை. பப்பில் யாரோ பீர் வாங்கிக் கொடுத்தார்கள். புதிதாகப் பழக ஆட்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ அந்தப் பேச்சுக்குப் பின்னணி இசை சேர்த்துவிட்டார்கள். அதில் அவர் வாயிலிருந்து பண்டத் துணுக்கு பறப்பது மெதுவாக, திரும்பத் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு ஊர் பீர் வாங்கித் தருவதை நிறுத்திவிட்டுக் கேலியில் இறங்கியது.

அந்த வாரக் கடைசியில்தான் ஓல்ட்ராய்டும் திருமதி லம்பும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

ஹேதர்லி, ஓக்‌ஷா என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர். இரண்டுக்கும் சேர்த்து நூறு வருஷமாக ஒரே பேண்டு வாத்தியக் குழு. ஹேதர்லிக்கு ஓல்ட்ராய்டு தலைவர், ஓக்‌ஷாவுக்குத் திருமதி லம்ப். கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் யார் முன்னால் நடப்பது என்பதில் தொடங்கிய தகராறு வளர்ந்து, 'நாங்கள் பிரிந்து போகிறோம்' என்று ஹேதர்லி அறிவித்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. எதை யார் எடுத்துக்கொள்வது என்பதில் எல்லாம் நின்றுபோயிருந்தது. அவ்ரில் ஓக்‌ஷாவுக்காக டிராம்போன் ஊதுபவள், நிர்வாகத்திலும் இருந்தாள். ஒவ்வொரு கூட்டம் முடிந்து வரும்போதும் ஒரு தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் கோட்டைக் கழற்றுவாள்.

"உங்கள மாதிரி ஒரு ஆள்தான் எங்களுக்குத் தேவை," என்றார் ஓல்ட்ராய்டு.

"நீங்க என்ன முடிவு சொன்னாலும் ரெண்டு பேரும் கேட்டுக்குறோம்," என்றார் திருமதி லம்ப்.

காட்ஃப்ரி அவ்ரிலைப் பார்த்தார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னப் பாக்காத," என்றாள் திரும்பாமலே. "நாட்டையே முடிச்சு வைக்கிறேன்னவன் நீ. இது வெறும் பேண்டு."

வேறு வழியில்லை, ஒத்துக்கொண்டார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஊர் வாயை ஒரேயடியாக அடைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. அந்த டிவிக்காரப் பெண்ணை அவரே போனில் கூப்பிட்டார். "சனிக்கிழமை வாங்க. சொன்னத செஞ்சு காட்டுறேன்."

சனிக்கிழமை மதியம் பேண்டுக் குழுவின் பயிற்சிக் கூடத்தில் ஓக்‌ஷாக்காரர்கள் இடப்பக்கம், ஹேதர்லிக்காரர்கள் வலப்பக்கம். நடுவில் காட்ஃப்ரி. ரவுண்டானா சொல்லிக் கொடுக்க வைத்திருக்கும் வெள்ளைப் பலகையையும் காந்தம் ஒட்டிய பொம்மைக் கார்களையும் கொண்டுவந்திருந்தார். சிவப்புக் கார் ஓக்‌ஷா, நீலக் கார் ஹேதர்லி. மூலையில் கேமரா. டீ வந்தது.

"முதல்ல கட்டடம்," என்றார். "கூடம் இருக்குறது ஓக்‌ஷா எல்லையில. அது அவங்களுக்கு. கார் நிறுத்துற இடம் ஹேதர்லி எல்லையில. அது இவங்களுக்கு. முடிஞ்சுது. அடுத்தது?"

"ஒரு நிமிஷம்," என்றார் திருமதி லம்ப். "கார் நிறுத்துற இடத்த மிதிக்காம கூடத்துக்குள்ள எப்படி வர்றது?"

"அதெல்லாம் விடுவோம் விடுவோம்," என்றார் ஓல்ட்ராய்டு. "வாசல்ல ஒரு தடுப்பு போட்டு, யாரு என்னன்னு கேட்டுட்டு விடுவோம்."

இடப்பக்கம் கொந்தளித்தது. காட்ஃப்ரி அவசரமாகப் பலகையை அழித்தார். "சரி, வேண்டாம். கூடத்தையே ரெண்டாப் பிரிச்சுக்கலாம். நடுவுல ஒரு கோடு."

கோட்டைப் போட்டும்விட்டார். போட்ட பிறகுதான் சமையலறை முழுக்கச் சிவப்புக் கார் பக்கமும், கழிப்பறை முழுக்க நீலக் கார் பக்கமும் போயிருந்தது தெரிந்தது.

"அப்போ நாங்க டீ குடிச்சிட்டு அவங்ககிட்ட அனுமதி கேக்கணுமா?" என்று ஒரு கிழவர் எழுந்தார். "என் வயசுல அனுமதி வர்ற வரைக்கும் தாங்காது."

"நீங்க டீ தராட்டி எங்களுக்கு மட்டும் எதுக்குய்யா கழிப்பறை?" என்றது வலப்பக்கம்.

காட்ஃப்ரியின் நெற்றி வேர்த்தது. கட்டடத்தைப் பிறகு பார்க்கலாம், வாத்தியங்களுக்கு வருவோம் என்றார். யார் பணத்தில் வாங்கியதோ அவர்களுக்கே. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முதலில் டிராம்போன். வாங்கியது யார்? ஹேதர்லி. ஊதுவது யார்?

எல்லோரும் அவ்ரிலைப் பார்த்தார்கள்.

பெண்டாட்டிக்குச் சாதகம் செய்தான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. கேமரா வேறு பார்த்துக்கொண்டிருந்தது. காட்ஃப்ரி ஒரு பொம்மைக் காரை எடுத்து நீலப் பக்கம் ஒட்டினார்.

"டிராம்போன் ஹேதர்லிக்கு."

அவ்ரில் மடியிலிருந்த டிராம்போன் பெட்டிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அந்தக் கைகளைக் காட்ஃப்ரியால் பார்க்க முடியவில்லை. பதற்றத்தில் அடுத்ததற்குத் தாவினார்.

"பெரிய டிரம். ரெண்டு ஊரும் சேந்து வாங்குனது. அத வித்துட்டு ஆளுக்குப் பாதி."

கடைசி வரிசையில் டிலிஸ் எழுந்து நின்றார். அந்த டிரம்மை அடிப்பவர் அவர்தான். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுக்கப் போகும் தாய் மாதிரி எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். அவ்வளவுதான். இடது எது, வலது எது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து காட்ஃப்ரியைச் சூழ்ந்துகொண்டது.

"அந்த டிரம் அறுபது வருஷமா ரெண்டு ஊர் சாவுக்கும் கூட நடந்துருக்குய்யா."

"கட்டுன பெண்டாட்டி வாத்தியத்தையே புடுங்குறான், இவனுக்கு டிரம் என்ன?"

"டிவியில வாயில தீனிய வெச்சுக்கிட்டு பேசுனப்பவே நான் சொன்னேன்."

ஓல்ட்ராய்டு மேசையைத் தட்டினார். "இந்த ஆள வெளிய அனுப்பணும்னு நான் முன்மொழியிறேன்."

"வழிமொழியிறேன்," என்றார் திருமதி லம்ப்.

ஒரு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. கைகள் உயர்ந்தன, ஒன்று பாக்கியில்லாமல். அவ்ரிலின் கையும் அதில் இருந்தது.

காட்ஃப்ரி பொம்மைக் கார்களைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கார் சாவி உள்ளே கழற்றி மாட்டிய கோட்டுப் பையில் இருந்தது. திரும்பிப் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் தீர்ப்பின்படி ஹேதர்லிக்குச் சொந்தமான இடத்தில், 'பொறுமையாகச் சொல்லித் தரப்படும்' என்ற கதவில் சாய்ந்துகொண்டு நனைந்தார்.

டிவிக்காரப் பெண் குடையோடு வந்தாள். மைக்கை நீட்ட அவளுக்கே சங்கடமாக இருந்தது போலிருக்கிறது.

"ஏதாவது சொல்றீங்களா? வேண்டாம்னா விட்டுரலாம்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்றேன். ஒரு டிரம்மப் பிரிக்க எனக்குத் தெரியல. ஒரு நாட்டப் பிரிக்கிறவங்களப் பாத்து என்னத்தக் கிழிச்சீங்கன்னு கேட்டேன். அவங்க ஒண்ணும் கிழிக்கலதான். ஆனா நானும் வீட்ல உக்காந்து கத்துனதத் தவிர வேற ஒண்ணும் செய்யல. கத்துறது ரொம்ப சுகமா இருந்துச்சு. அத நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு."

அவள் மைக்கை இறக்கிக் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கூடத்துக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. பிறகு, நம்ப முடியாமல், வாத்தியங்கள் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. டிராம்போனும் இருந்தது. டிரம்மும் இருந்தது.

பாட்டு முடிந்ததும் அவ்ரில் அவர் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"முடிஞ்சிருச்சு," என்றாள். "பேரு ரெண்டு, நிர்வாகம் ரெண்டு. கூடம், டிரம் எல்லாம் பொது. அவங்கவங்க வாசிக்கிறது அவங்கவங்ககிட்டயே இருக்கும். எல்லாரும் கைதட்டி ஒத்துக்கிட்டாங்க."

"நான் வெளிய வந்த அந்தக் கொஞ்ச நேரத்துலயா?"

"ம்."

"அப்போ நான் உள்ள இருந்ததுதான் தொந்தரவு."

அவ்ரில் கோட்டை அவர் தோளில் போட்டு, காலரைச் சரிசெய்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்குப் பிடித்த மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பண்டமும், அதற்கு மேல் ஆப்பிள் இனிப்பும் செய்திருந்தாள். இரண்டாவது தடவை கேட்காமலே பரிமாறினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தபடி காட்ஃப்ரி தலை நிமிராமல் தின்றார். அவள் டிராம்போனைப் பிடுங்கிக் கொடுத்த கைக்கு அவளே சோறு போடுகிறாளே என்று மனம் கூசியது.

"உனக்கு அப்படி செஞ்சிருக்கக் கூடாது," என்றார்.

"விடு," என்றாள் அவ்ரில். அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டிவியில் மழைக்காட்சி வந்தது. இந்த முறை யாரும் பின்னணி இசை சேர்க்கவில்லை. திங்கட்கிழமை சிவப்பு விளக்கில் அதே பஸ் டிரைவர் கண்ணாடியை இறக்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வெறுமனே தலையை ஆட்டிவிட்டு ஏற்றிக்கொண்டார். கேலியே மேல் என்று தோன்றியது காட்ஃப்ரிக்கு.

பக்கத்தில் டிலிஸ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிலிஸ், அந்த டிரம் விஷயத்துல உங்ககிட்டத் தனியா மன்னிப்புக் கேக்கணும். சனிக்கிழமையிலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. உங்க எல்லாருக்கும் நடுவுல வந்து கெடுத்துட்டேன்."

விளக்கு பச்சையானது. டிலிஸ் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் முகம் சிவந்திருந்தது.

"இல்ல காட்ஃப்ரி, நீங்க இப்படி வருத்தப்படுறதப் பாக்க எனக்குத் தாங்கல. சொல்லக் கூடாதுன்னாங்க, சொல்லிடுறேன். நிர்வாகத்துல ஓல்ட்ராய்டு, லம்ப், அவ்ரில், நான், நாங்க நாலு பேரும் உங்களக் கூப்பிடுறதுக்கு முந்தியே எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டோம். ஆனா விட்டுக் கொடுத்துட்டோம்னு ரெண்டு ஊர்லயும் யார் போய்ச் சொல்றது? எல்லாரும் ஒண்ணா சேந்து திட்ட ஒரு ஆள் கெடச்சா காரியம் நடந்துரும்னு யோசிச்சிட்டு இருந்தப்போ, அவ்ரில்தான் சொன்னா, 'எங்க வீட்ல ஒண்ணு இருக்கு'ன்னு."