வலப்பக்கம் திரும்பிய கௌதாரி

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் வண்டி வாங்கிவிட்டன. வாங்கியதோடு சரி. எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்வதை மட்டும் குலத்துக்கே இழுக்காக நினைத்தன. வீட்டில் என்ன குழம்பு என்பதை ஊருக்கெல்லாம் சொல்வார்கள், முக்கில் திரும்புவதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

அங்கே செண்பகவல்லி என்று ஒரு கௌதாரி இருந்தாள். லைசென்ஸ் வாங்கும்போது சொல்லிக்கொடுத்ததை நிஜமென்று நம்பிய ஒரே ஜீவன், பாவம். அவளுக்கு அது தலைச்சன் முட்டை. தலைச்சன் தாய்வீட்டில்தான் பொரிய வேண்டும் என்பது கௌதாரிகளின் வழக்கம். வழியில் கிழியில் பொரிந்துவிட்டால் ஆயுசுக்கும் அதற்கு 'ரோட்டுக்குஞ்சு' என்றே பெயர் நிலைத்துவிடும். நாள் நெருங்கிவிட்டதால் முட்டையை இலவம்பஞ்சில் பொதிந்து, ஸ்கூட்டரின் முன்கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நேரே போய் நாவல்மர முக்கில் வலப்பக்கம் திரும்பினால் அம்மா வீடு.

முன்னால் காட்டெருமையின் லாரி போனது. அதன் வலப்பக்க விளக்கு விட்டு விட்டு எரிந்தது. திரும்பப் போகிறதாக்கும் என்று செண்பகவல்லி மரியாதையாகக் காத்திருந்தாள். லாரி திரும்பவே இல்லை. அது போன மாட்டுப்பொங்கலுக்குப் போட்ட விளக்காம், இன்னும் அணைக்கவில்லையாம். அடுத்து பைக்கில் வந்த குரங்கு கையை நீட்டியது. அவள் சடாரென்று பிரேக் பிடித்தாள், கூடையில் முட்டை உருண்டது. குரங்கு கை நீட்டியது தூறல் போடுகிறதா என்று பார்க்க. நரியின் ஆட்டோவைக் கேட்கவே வேண்டாம். நரி ஒரு காலை வெளியே நீட்டினால் அதுதான் சிக்னல், காலை நீட்டும்போதே பாதி ஆட்டோ திரும்பியிருக்கும். நாசமாய்ப் போறவங்களா, ஒரு விரலால் ஒரு பொத்தானை அமுக்கினால் கை தேய்ந்தா போகும் என்று செண்பகவல்லி முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள்.

நாவல்மர முக்கு வந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், வலப்பக்க விளக்கைப் போட்டாள், போதாததற்குச் சிறகையும் நீட்டினாள். பிறகு சொன்னபடியே வலப்பக்கம் திரும்பினாள்.

பின்னால் காரில் வந்த கரடியார் அவளை வலப்பக்கமாக முந்தப் போய் ஒரே இடி. ஸ்கூட்டர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முட்டை பஞ்சோடு உருண்டுபோய்ப் புல்லில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தாள், மெல்லியதாக ஒரு கீறல் விழுந்திருந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது.

கூட்டம் கூடியது. யானை ஏட்டு வந்து விசாரித்தார். கரடியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வலப்பக்க லைட்டு எரிஞ்சுது ஐயா. அணைக்க மறந்துட்டாங்க, நேராத்தான் போவாங்கன்னு நம்பி முந்தினேன். நம்பினது தப்பா?"

கூட்டம் கரடியாருக்காக உச்சுக் கொட்டியது. ஏட்டு செண்பகவல்லியிடம் திரும்பினார்.

"லைட்டு போட்டது சரிம்மா. போட்டுட்டு எதுக்கு நிஜமாவே திரும்புன?"

சொன்னபடி செய்து பொதுமக்களைக் குழப்பிய குற்றத்துக்காக ஏட்டு அவளைக் கண்டித்தார். முதல் தடவை என்பதால் மன்னித்து அனுப்பினார்.

ஸ்கூட்டரை நிமிர்த்தி முட்டையைக் கூடையில் வைத்தபோது அதற்குள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. கீறல் இடித்ததால் விழுந்ததல்ல, குஞ்சு வெளியே வரப் பார்க்கிறது. பதறிப்போய் மறுபடி வலப்பக்க விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். விளக்கைப் பார்த்ததும் எல்லா வண்டியும் இன்னும் வேகமாக வந்தது. ஒருத்தரும் வழி விடவில்லை. டொக் டொக் சத்தமோ வலுத்துக்கொண்டே போனது.

அப்போதுதான் அவளுக்குப் புத்தி வந்தது. இடப்பக்க விளக்கைப் போட்டாள். நரி மாதிரி ஒரு காலை நீட்டினாள். தூறல் பார்ப்பதுபோல் ஒரு சிறகைத் தூக்கினாள். வானத்தைப் பார்த்தபடி வலப்பக்கம் திரும்பினாள். இவள் எந்தப் பக்கம் போவாள் என்று யாருக்கும் புரியாததால் காடே பிரேக் பிடித்து நின்றது. கரடியார் கும்பிடுபோட்டு வழி விட்டார்.

அம்மா வீட்டு வாசலில் கூடையை இறக்கியதும் முட்டை பொரிந்தது. செண்பகவல்லி ஆசையோடு வலப்பக்கம் கொஞ்சம் தினையைத் தூவினாள். ஈரம் காயாத குஞ்சு இடப்பக்கம் பார்த்தது, இடது சிறகை ஆட்டியது, பிறகு யாரும் எதிர்பாராமல் வலப்பக்கம் பாய்ந்து தினையைக் கொத்தியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இது எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று அதை வாரி அணைத்துக்கொண்டாள்.

நீதி: வலப்பக்கம் போக வேண்டியவர் இடப்பக்கம் விளக்குப் போடுக, சொன்னபடி திரும்புகிறவர்களால்தான் விபத்து நடக்கிறது.