மிச்சம்பிடியாருடன் சிகாகோ

கூட்டமாக ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களில் பல இனங்கள் உண்டு. வழி எனக்குத் தெரியும் என்று சொல்லித் தொலைந்துபோகிறவர், போகும் ஊரிலெல்லாம் கழிப்பறையை மட்டுமே பார்த்துத் திரும்புகிறவர், எடுக்கிற படத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவர். இவர்களால் உலகத்துக்குப் பெரிய தீங்கில்லை. நான் சொல்ல வந்தது வேறோர் இனத்தைப் பற்றி. குழு என்று ஒன்று சேர்ந்தவுடனே அதற்குள்ளிருந்து அவர் முளைத்துவிடுவார். யாரும் அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. பயணத்தைப் பற்றிய முதல் பேச்சில், காப்பிகூட இன்னும் ஆறாத நேரத்தில், ஒரு குரல் கேட்கும்: "அதுக்கு எதுக்கு முழுக் காசு கொடுக்கணும்?"

அவர்தான். மிச்சம்பிடியார்.

கஞ்சனோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கஞ்சன் பாவம், வீட்டை விட்டே கிளம்பமாட்டான். அவனால் கெடுவது அவன் குடும்பம் மட்டும்தான். மிச்சம்பிடியார் தாராளமானவர். ஒரு டாலரை மிச்சம் பிடிக்க ஒரு பகலைச் செலவழிப்பார், இரண்டு டாலர் பெட்ரோலைச் செலவழிப்பார், கூட வந்தவர்களின் முழங்கால்களைக் கணக்கே பார்க்காமல் செலவழிப்பார்.

எங்கள் மிச்சம்பிடியாரின் பெயர் வெர்னன் ஹால்வர்சன். மின்னசோட்டாவில் எல்க் ப்ரெய்ரி என்கிற எங்கள் சின்ன ஊரில் பயிர்க் காப்பீடு விற்று ஓய்வு பெற்றவர். எங்கள் லூத்தரன் தேவாலயப் பாடகர் குழுவில் அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல் அவருடையது. அந்தக் குழுவிலிருந்து எட்டுப் பேர் அக்டோபரில் சிகாகோ போவதென்று முடிவானபோது, ஏற்பாடுகளை அவர் எடுத்துக்கொண்டார். நாங்கள் கொடுத்தோம் என்று சொல்லமுடியாது. எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் நேருக்கு நேராக மறுத்துப் பேசமாட்டோம். "அதுவும் ஒரு யோசனைதான்" என்போம். செத்தாலும் மாட்டேன் என்பதை எங்கள் ஊர் மரியாதையோடு சொல்லும் விதம் அது. வெர்னன் மட்டும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்.

சிகாகோவில் தங்கப்போகிறோம் என்றுதான் சொன்னார். தங்கிய விடுதியின் ஜன்னலைத் திறந்தால் சிகாகோ தெரியவில்லை. சோளக்காடு தெரிந்தது. சோளக்காடு பார்க்க நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பவே வேண்டியதில்லை. அங்கே அது எங்கள் வீட்டு வாசல்வரை நிற்கிறது.

"நகரத்துக்குள்ள ரூம் எடுத்தா என்ன லாபம்?" என்றார் வெர்னன். "தூங்கும்போது எல்லா ஊரும் ஒண்ணுதானே."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? யோசித்துப் பாருங்கள். இருக்காது. மிச்சம்பிடியாரின் வாதங்களுக்கெல்லாம் இந்தக் குணம் உண்டு. கேட்கும்போது பதில் தோன்றாது. ரயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போகும்போது வரிசையாகத் தோன்றும்.

விடுதியில் காலை உணவு இலவசம். உங்களுக்கும் எனக்கும் காலை உணவு என்றால் காலையில் உண்பது. மிச்சம்பிடியாருக்கு அது மதிய உணவின் கிடங்கு. வெர்னனின் மனைவி ஜாய்ஸ் தன் கைப்பையை ஒரு தாயின் மனத்தோடு திறந்து வைத்திருப்பாள். ரொட்டிகளும், குட்டி ஜாம் டப்பாக்களும், காகிதக் கைக்குட்டையில் சுற்றிய வேகவைத்த முட்டைகளும் ஒவ்வொன்றாக அதற்குள் குடிபுகும். அருங்காட்சியக வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலர் அதைத் திறந்து பார்த்தார்.

"என்ன மேடம் இது?"

"முட்டை."

"இதுக்குக் கீழே?"

"முட்டை."

"எல்லாம் வெந்ததா?"

"இப்பவரைக்கும் எங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலை," என்றாள் ஜாய்ஸ்.

உயரமான கோபுரத்தின் உச்சிக்குப் போய் நகரத்தைப் பார்க்கச் சீட்டு வாங்கவேண்டும். வெர்னன் எங்களைப் பக்கத்தில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு அழைத்துப்போனார். அங்கிருந்து கோபுரம் அழகாகத் தெரிந்தது. "மேலே ஏறினவங்களுக்கு இந்தக் கோபுரம் தெரியுமா? தெரியாது," என்றார். ஆற்றில் படகுச் சவாரி உண்டு. இரண்டு கரையிலும் உள்ள கட்டடங்களின் கதையை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போவார்கள். நாங்கள் பாலத்தின் மேல் நின்றோம். ஒவ்வொரு படகும் அடியில் நுழையும்போது கதையில் ஒரு வாக்கியம் கேட்கும். அடுத்த படகுக்குக் காத்திருந்தால் அதே வாக்கியம் மறுபடி கேட்கும். ஏரிக்காற்றில் மதியம் முழுக்க நின்று, ஏதோ ஒரு கட்டடத்தை யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஆண்டில் கட்டி முடித்தார் என்பதைத் திட்டவட்டமாகத் தெரிந்துகொண்டோம். பெவர்லிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவள் எங்கள் இரண்டு ஆல்ட்டோக்களில் ஒருத்தி. ஆல்ட்டோ என்றால் பெண்களில் தாழ்ந்த குரல். பாட்டில் யாரும் கவனிக்காதது, எடுத்துவிட்டால் பாட்டு நொண்டுவது.

மாலையானால் மிச்சம்பிடியார் அன்றைய வெற்றியை அறிவிப்பார். "இன்னிக்கு மட்டும் நாம எவ்வளவு சம்பாதிச்சிருக்கோம் தெரியுமா?"

"அப்ப அந்தச் சம்பாத்தியத்துல ஆளுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுப்பா," என்றார் பால் பண்ணைக்காரர் லாய்ட்.

"செலவழிச்சுட்டா அப்புறம் அது எப்படி லாய்ட் மிச்சமாகும்?"

இனி ஆர்லீன். இரண்டாவது ஆல்ட்டோ. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை அடுப்போரம் நின்றபடி சாப்பிட்டவள். பயணத்தைப் பற்றிய முதல் கூட்டத்தில் எல்லோரும் ஆளுக்குப் பத்து இடம் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கோபுரமும் வேணாம், படகும் வேணாம். வெள்ளைத் துணி விரிச்ச மேஜை. நான் உக்காந்திருக்கணும். தடியா ஒரு மாட்டிறைச்சித் துண்டு, மேலே வெண்ணெய் உருகிக்கிட்டே வரணும். வேற யாராவது கொண்டுவந்து வைக்கணும். சூடா. அவ்வளவுதான்."

"ஆயிடும்," என்றார் வெர்னன்.

முதல் நாள் ராத்திரி ஒரு மதுக்கடையில் குடிப்பவர்களுக்குச் சும்மா தரும் பொரித்த வெங்காயத்தைச் சாப்பிட்டோம், எட்டுப் பேருக்கு ஒரு பியர். இரண்டாம் நாள் ஒரு பெரிய கடையில் ருசி பார்க்கக் குச்சியில் குத்திக்கொடுக்கும் பாலாடைக்கட்டித் துண்டுகள், தொப்பியை மாற்றிக்கொண்டு இரண்டாவது சுற்று. மூன்றாம் நாள் முட்டை. கடைசி நாள் காலையில் முட்டையை உரித்துக்கொண்டே ஆர்லீன், "இன்னிக்குத்தான் கடைசி ராத்திரி, வெர்ன்," என்றாள். குரலில் ஏற்ற இறக்கமில்லாத ஒரு கண்டிப்பு இருந்தது. வெர்னனுக்கேகூட அது கேட்டது.

அவர் சட்டைப்பையிலிருந்து நான்கு கூப்பன்களை எடுத்து விசிறிபோல் விரித்தார். விடுதி வரவேற்பறையில் சும்மா கிடந்தவையாம். ஏரியைப் பார்த்த ஒரு நல்ல உணவகம். வெள்ளைத் துணி உண்டு. ஒரு தட்டு வாங்கினால் இன்னொரு தட்டு இலவசம். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ஒரு குழுவுக்கு ஒரு கூப்பன் மட்டும்.

"அதனால நாம குழு இல்லை," என்றார் வெர்னன். "ரெண்டு ரெண்டு பேரா நாலு மேஜை. தனித்தனியா உள்ளே போறோம். யாரும் யாரையும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது."

"அதுவும் ஒரு யோசனைதான்," என்றோம் ஏழு பேரும்.

"சிரிக்கலாமா?" என்று கேட்டார் லாய்ட்.

"பொதுவா சிரிக்கலாம். ஆளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது."

"உப்பு வேணும்னா?"

"உன் மேஜை உப்பைப் போட்டுக்க."

அப்படித்தான் போனோம். வெர்னனும் ஜாய்ஸும் ஜன்னலோரம். லாய்டும் இன்னொருவரும் சமையலறைக் கதவுப் பக்கம். பெவர்லியும் இன்னொருத்தியும் தூணுக்குப் பின்னால். ஆர்லீனுக்கு எதிரே நான். மடித்த துணியை அவள் பிரித்து மடியில் விரித்த விதத்தைப் பார்த்திருந்தால், தேவாலயத்தில்கூட அவள் அவ்வளவு பக்தியாக இருந்ததில்லை என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இறைச்சி சொன்னோம். நான்கு மேஜையிலும் நான்கு ஜோடிகள், ஒருவரையொருவர் வாழ்க்கையில் பார்த்ததேயில்லாத முகத்தோடு, சுவரைப் பார்த்துப் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தோம். எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

ரொட்டி வந்தது.

இங்கே எங்கள் குழுவின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். மேஜைக்கு ரொட்டி வந்தால் தலை குனிவோம். தலை குனிந்தால் ஜாய்ஸ் மெல்ல ஒரு சுருதி கொடுப்பாள். சுருதி வந்தால் சாப்பாட்டு ஜெபத்தை நான்கு குரலில் பாடுவோம். தேவாலயத்து நிலவறையில் எத்தனையோ வருஷமாக எத்தனையோ விருந்துகளில் செய்து செய்து, இதில் மூளைக்கு வேலையே கிடையாது. ஜன்னலோரமிருந்து சுருதி வந்தது. எழுந்தது பாட்டு. மேல்குரல் ஜன்னலிலிருந்து, ஆல்ட்டோ என் எதிரிலிருந்து, நடுக்குரல் என்னிடமிருந்து, கனத்த குரல் சமையலறைக் கதவிலிருந்து. எல்லாவற்றையும்விடக் கனமாக, எல்லோரையும்விட உருக்கமாகப் பாடியவர் வெர்னன்தான். கடைசி ஆமென்னை அவர் விடவே மனமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணைத் திறந்தார்.

உணவகம் மொத்தமும் கை தட்டியது. பரிமாறுகிறவர் வெர்னனிடம் வந்தார்.

"நீங்க எல்லாரும் ஒண்ணா வந்தவங்களா சார்?"

"இல்லையே. இவங்களை எல்லாம் இப்பதான் பாக்கறேன்."

"நாலு குரல்ல பாடினீங்களே சார்?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு அது."

"வெர்ன்," என்று கதவுப் பக்கத்திலிருந்து லாய்ட் கூப்பிட்டார், "என்னவாம்?"

மேலாளர் தெரேசா வந்தாள். கோபமில்லை. ஒரு கூப்பன்தான் செல்லும் என்று சிரித்தபடியே சொன்னாள். பிறகு, "ஆனா ரொம்ப நல்லா இருந்துது. சாப்பிட்டுட்டு முடிஞ்சா இன்னொரு பாட்டு பாடுங்க," என்றாள். அதோடு விட்டிருந்தால் அது ஓர் அன்பான மாலையாக முடிந்திருக்கும். ஆனால் மிச்சம்பிடியாரிடம் யாராவது எதையாவது கேட்டால், அவர் காதில் அது பேரத்தின் முதல் வரி.

"பாடலாம்," என்றார் வெர்னன். "ஒரு பாட்டுக்கு ஒரு தட்டு. இப்பவே ஆரம்பிக்கறோம்."

கூட்டம் குறைந்த ராத்திரி. பாட்டுக் கேட்கிறவர்கள் எழுந்து போகாமல் இன்னொரு கோப்பை ஒயின் சொல்வார்கள். தெரேசாவும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவள். சரி என்றாள். அதே நேரம் சமையலறைக் கதவு திறந்தது. தட்டு வந்து ஆர்லீன் முன்னால் உட்கார்ந்தது. தடியான துண்டு. மேலே வெண்ணெய், இப்போதுதான் விளிம்பில் இளகத் தொடங்கியிருந்தது.

வெர்னன் எழுந்துவந்து பக்கத்தில் நின்றார். "ஆர்லீன், வா. பெவர்லிக்குத் தொண்டை இல்லை. நீதான் ஆல்ட்டோ."

"நீங்க பாடுங்க. நான் சாப்பிடறேன்."

"ஒரு பாட்டுதானே. தட்டு எங்கே ஓடிடப்போகுது?"

"தட்டு ஓடாது. சூடு ஓடிடும்."

"அவங்களே மறுபடி சூடு பண்ணித் தருவாங்க. இலவசமா."

"சூடு பண்ணினது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், வெர்ன். நான்தான் பண்ணிக் கொடுத்துக்கிட்டிருந்தேன்."

"உன் தட்டுக்கும் சேர்த்துத்தானே பாடறோம்?"

"என் தட்டுக்கு நான் காசு கொடுத்துக்கறேன்."

வெர்னனின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். ஆலங்கட்டி மழையில் முழு வயலும் போன விவசாயியிடம்கூட அவர் அந்த முகத்தைக் காட்டியதில்லை.

"முழுக் காசா?" என்றார் மெதுவாக.

"முழுக் காசு," என்றாள் ஆர்லீன், கத்தியை எடுத்தாள்.

மற்ற ஏழு பேரும் எழுந்தோம். நானும்தான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு பாட்டுக்கு ஒரு தட்டு என்று சொன்னார்கள். பெவர்லி வாயை மட்டும் அசைத்தாள். ஆல்ட்டோ இல்லாமல் ஏழு பாட்டு பாடினோம், ஒரு கால் குட்டையான மேஜைபோல் ஒவ்வொன்றும் ஆடியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் மேஜைகளில் எங்கள் தட்டுகளின் மேல் வெண்ணெய் மறுபடி உறைந்து வெளுத்தது. அதற்கு நடுவே ஆர்லீன் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு துண்டையும் வெட்டி, ஆவி எழுவதை ஒரு கணம் பார்த்து, பிறகு வாயில் வைத்தாள். அவசரமேயில்லை. மூன்றாவது பாட்டின்போது இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்டாள். அவர்கள் கொண்டுவந்து வைத்தார்கள்.

பாடி முடித்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். வெர்னன் ஆறிப்போன இறைச்சியைப் பலம்கொண்ட மட்டும் மென்றார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இலவசம்," என்றார், கண்கள் பளபளக்க.

டிப்ஸ் வைக்கும் நேரம் வந்தது. இலவசத் தட்டுக்குப் பூஜ்யத்தில் எத்தனை சதவீதம் என்று வெர்னன் யோசித்துக்கொண்டிருக்கையில், ஆர்லீன் எட்டுப் பேருக்குமாக நோட்டுகளை எடுத்துத் தன் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தேன். "வெண்ணெய் கடைசிவரைக்கும் உருகிக்கிட்டே இருந்துது," என்றாள்.

கதை முடிந்தது. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும், ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏழு பாட்டுக்கு ஏழு தட்டு என்று படித்தபோது, இன்னும் ஒரே ஒரு பாட்டு பாடியிருந்தால் ஆர்லீனுடைய தட்டும் மிச்சமாகியிருக்குமே என்று உங்கள் மனம் ஒரு கணம் துடித்ததா? துடித்ததென்றால், இந்த வருஷம் நண்பர்கள் எங்கே சுற்றுலா போகிறார்கள் என்று நீங்களே விசாரித்துக்கொள்வது நல்லது. அவர்கள் உங்களிடம் இன்னும் சொல்லாததற்குக் காரணம் மறதி அல்ல.