குளத்தைத் துடைக்கிறவர்

துடைப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நீங்கள் தேநீர்க் கோப்பையைத் தூக்கிய கணத்தில் அதன் அடியில் அவர் துணி வந்துவிடும். ஜப்பானில் எங்கள் கடற்கரை ஊரில் அவர் பெயர் குனிமோத்தோ. வாசல் கல்லைத் துடைப்பார், தபால் பெட்டியைத் துடைப்பார், மழை பெய்துகொண்டிருக்கும்போதே வேலியைத் துடைப்பார். எதைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: "கண்ணாடி மாதிரி இருக்க வேணாமா?"

ஒருமுறை மனைவி தமாயே வெளியூர் போயிருந்தபோது, ஊறுகாய் போடும் தவிட்டுப் பானை அவர் கண்ணில் பட்டது. முப்பது வருடமாகத் தினமும் கையால் கிளறி வளர்த்த தவிடு. கத்தரிக்காயைப் புதைத்தால் மறுநாள் புளிப்பேறி வரும். அதைக் கொட்டி, பானையை வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். தமாயே மூன்று வாரம் பேசவில்லை. பிறகு பேசியதும், மறந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரை ஊர்க் குளத்தைப் பராமரிக்கும் தலைவராக்கலாமா? ஆக்கினோம். ஆளுக்கொரு வருடம்; அவர் முறை வந்துவிட்டதே!

குளிர்காலத்தில் மலைக் குளத்தைத் திறந்து, அடிச்சேற்றைக் கலக்கி, கறுப்புத் தண்ணீரைக் கடலுக்கு விடுவது எங்கள் வழக்கம். அந்தச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. உதிர்ந்த இலை, செத்த மீன், வாத்து எச்சம் எல்லாவற்றையும் தின்று, மறுபடி சத்தாக்கி வைக்கின்றன. கடலில் வலை கட்டி வளர்க்கிற நோரிப் பாசி அதைக் குடித்துத்தான் கறுக்கும். குனிமோத்தோ அடி மதகைப் பூட்டிவிட்டு மேல் மதகை மட்டும் திறந்தார்.

"பாருங்க, கண்ணாடி!"

இரண்டு வாரம். நோரி வளர்க்கும் தோயோமியின் இரண்டாம் அறுவடை ஆறிப்போன தேநீர் நிறத்தில் வந்தது. மூன்றாவதும் வெளுத்தால் வலையைக் கழற்ற வேண்டியதுதான். அவளுக்கு இந்த வருடப் பிழைப்பு முடிந்தது. நோரியைத் தாளாகக் காயவைத்துத்தான் விற்பாள்; அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்கு வந்தாள்.

"குனிமோத்தோ ஐயா, இதை முகத்துக்கு நேரா பிடிங்க. நான் தெரியறேனா?"

"நல்லாவே தெரியறீங்க."

"தெரியக் கூடாது! ஜன்னலா வளக்கறேன் நான்?"

"சுத்தமான தண்ணிதானே விட்டேன்?"

சமையலறையிலிருந்து தமாயேயின் குரல் வந்தது. "அதேதான். என் தவிட்டுப் பானைக்குப் பண்ணினதையே கடலுக்கும் பண்ணிட்டீங்க. சேத்துக்குள்ள சமைக்கிறவங்களைப் பூட்டி வெச்சுட்டு சோறு எங்கேன்னா?"

அவர் துணியை மெதுவாக மடித்து வைத்தார். மறுநாள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்கி, அடி மதகைத் தானே திறந்தார். ஊரே மரப்பலகையோடு இறங்கி, மிச்சத் தண்ணீரில் சேற்றைக் கலக்கியது. கறுப்பு ஓடை கடலைத் தொட்டது.

மூன்றாம் அறுவடையின் முதல் தாளைத் தோயோமி அவரிடம்தான் கொடுத்தாள். முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியல!" என்றார், பூரிப்போடு.

திருந்திவிட்டாரா? சேறு கலக்கிய அன்று அவர் மட்டும் பலகையைக் கோடு கோடாக, நூல் பிடித்த மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். யாரோ குறுக்கே மிதித்ததும் கத்தினார்: "பாத்து, பாத்து! இப்பத்தான் ஒழுங்கா அழுக்காக்கி வெச்சேன்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், போன ஞாயிற்றுக்கிழமை மீன் தொட்டியின் கூழாங்கல்லையெல்லாம், அதில் வாழ்ந்த சின்ன உயிர்களோடு சேர்த்து, வெந்நீரில் கழுவி வெள்ளையாக்கியது யார்? அந்த மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறதே, உங்களுக்கு நன்றி சொல்கிறது என்றா நினைத்தீர்கள்?