யாரையும் தனியாக வாசிக்க விடாதவர்

மனிதர்களில் 'கூடச் சேருகிறவர்' என்று ஓர் இனம் உண்டு. இவரைப் பொறாமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமைக்காரர் அடுத்தவர் பாட ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவார். அதில் நமக்கு ஒரு நிம்மதி. கூடச் சேருகிறவர் போகமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவார். நீங்கள் ஒற்றை ஆளாகச் சிரமப்படுவதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்காது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர்கள் என்று ஒரு கூட்டத்தைச் சொல்வார்களே, அவர்களோடும் இவரைச் சேர்க்காதீர்கள். இவர் மாப்பிள்ளையை மாப்பிள்ளையாகவே இருக்க விடுவார். தானும் ஒரு மாலையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார், அவ்வளவுதான்.

இந்த இனத்தார் அலுவலகத்திலும் உண்டு, ஆஸ்பத்திரி வார்டிலும் உண்டு. ஆனால் சகல லட்சணங்களும் பொருந்திய ஒருவரைப் பார்க்க வேண்டுமானால், இசைவிழா நடத்தும் இசைக்கலைஞர் ஒருவரைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார். புல்லாங்குழல் வாசிப்பவர் என்பதால் குழல்காரர் என்று பெயர். வருஷத்துக்கு ஒரு முறை, ஆற்றங்கரையில் படகுத்துறைக்குப் பக்கத்து மைதானத்தில் மேடை போட்டு, பல நாட்டுக் கலைஞர்களை வரவழைத்து விழா நடத்துகிறார். அதில் நாற்காலிகளுக்கு நான் பொறுப்பு. இசை தெரியாதவர்களுக்கு அந்தப் பொறுப்பைத்தான் கொடுப்பார்கள்.

அவருடைய நல்ல குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். மலைநாட்டு அக்கார்டியன்காரர், பாலைவனத்துத் தந்திவாத்தியக்காரர், ஏதோ ஒரு தீவின் முரசுக் குழுவினர் என்று உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்களைத் தேடிப் பிடித்து, கடிதம் எழுதி, விசாவுக்கு அலைந்து, விமான நிலையத்துக்குத் தானே போய் நின்று, தன் படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். விருந்தாளிக்கு வெந்நீர் சரியான சூட்டில் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். எல்லாம் கொடுப்பார். மேடையை மட்டும் தனியாகக் கொடுக்கமாட்டார்.

அவர் தோளில் ஒரு நீளப் பை தொங்கும். தச்சர் உளி வைத்திருப்பதுபோல அதில் வரிசையாகக் குழல்கள், எந்த நாட்டுச் சுருதிக்கும் ஒன்று. விருந்தாளி வாசிக்க ஆரம்பித்ததும் இவர் மேடை ஓரத்தில், தனக்கென்று போட்டுவைத்திருக்கும் மைக்குக்கு முன்னால், கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். பார்ப்பவர்கள் ரசிக்கிறார் என்று நினைப்பார்கள். ரசிக்கவில்லை, சுருதி பிடிக்கிறார். பிறகு கை பைக்குள் போகும். ஒரு குழலை எடுத்து, வேண்டாமென்று வைத்து, இன்னொன்றை எடுப்பார். விருந்தாளியின் சுருதி இரண்டு குழல்களுக்கும் நடுவில் எங்கேயாவது இருந்தால் அது விருந்தாளியின் தலைவிதி.

"இசைக்கு எல்லை கிடையாது" என்பார். எந்த எல்லையைச் சொல்கிறார் என்பது போகப் போகத் தெரியும். தான் சேர்ந்துகொள்வதை வாசிப்பு என்று சொல்லமாட்டார். 'ஒரு சின்ன உரையாடல்' என்பார். எதிராளிக்கு வாய் திறக்க இடமில்லாத உரையாடலை நீங்கள் கேட்டதில்லையா? உங்களுக்கு மாமா யாரும் கிடையாதா?

எல்லாவற்றையும்விட, சங்கீதத்தில் வரும் மௌனம் அவருக்குத் தாங்காது. பாலைவனத்துக்காரர் ஒரு தந்தியை மீட்டிவிட்டு, அந்த நாதம் தேய்ந்து தேய்ந்து மறையும்வரை கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். அவர்கள் ஊர் வாசிப்பே அப்படித்தானாம், பாதி வாசிப்பு, பாதி காத்திருப்பு. ஆனால் நம்மவர் கண்ணுக்கு அது எப்படிப் படும்? பாவம், மறந்துவிட்டார், அந்நிய தேசத்தில் இத்தனை பேர் நடுவில் தவிக்கிறார் என்றுதான் படும். உடனே குழல் உதட்டுக்குப் போய்விடும். இருக்கிற இடத்தையெல்லாம் நிரப்பி, மெழுகி, ஒரு துவாரம் இல்லாமல் செய்து, விருந்தாளியைப் பார்த்து 'நான் இருக்கிறேன், பயப்படாதே' என்று கண்ணால் சொல்வார்.

இவ்வளவு சேதம் நடந்தும் விழாவுக்கு வருஷா வருஷம் கூட்டம் கூடிக்கொண்டுதான் போகிறது. போகிறவர்கள் பாலைவனத்துக்காரரின் மௌனத்தைப் பற்றி உருகி உருகிப் பேசிக்கொண்டு போவார்கள். ஊருக்குத் திரும்பிய கலைஞர்களோ, இவ்வளவு அடக்கமாகக் கூட வாசிக்கிற ஒருவரைப் பார்த்ததே இல்லை என்று எழுதுவார்கள். அடக்கமா? கன்னம் இரண்டும் உப்ப, நரம்பு புடைக்க அவர் ஊதுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், பின் வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த என் காதில் ஒரு நாளும் அந்தக் குழல் விழுந்ததில்லை. சரி, காது டாக்டரைப் பார்க்க வேண்டிய வயசு வந்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அண்ணி என்போம். அண்ணியும் பாடகிதான். ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு அவர்தான் பாட்டு டீச்சர். விழா நோட்டீஸில் எல்லா நாடுகளும் முடிந்த பிறகு, அடியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, 'நேரமிருப்பின்: அண்ணியின் பாடல்' என்று ஒரு வரி வருஷம் தவறாமல் இருக்கும். நேரம் ஒரு வருஷமும் இருந்ததில்லை. அண்ணி விழா முழுக்க மேடைப் பக்கமே வரமாட்டார். மைதானத்தின் நடுவில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மேஜை இருக்குமே, அங்கே மைக் செட்காரருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அங்கே நிழல் இருக்கிறது, அதனால் உட்காருகிறார் என்று நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் கடைசி நிகழ்ச்சி தீவுக்காரர்களின் முரசு. அவர்கள் வந்த வேன் பாலத்தில் ஏதோ லாரி கவிழ்ந்ததில் மாட்டிக்கொண்டது. கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, மேடை காலி. அதுவரைக்கும் தாங்களே வாசியுங்களேன் என்று யாரோ முன்னாலிருந்து சொன்னார்கள். சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நம்மவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஒரு குழலைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். இந்த இனத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அதுதான்: சேர்ந்துகொள்ள யாரும் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஒன்றும் ஓடாது. எனக்கே அவரைப் பார்க்கப் பரிதாபமாகப் போய்விட்டது.

கடைசியில் மைக்கைப் பிடித்து, "ஏம்மா, நீ வந்து ஏதாவது பாடேன். நான் கூட இருக்கேன்" என்றார்.

நான் அப்போது மிக்சர் மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணி எழுந்தார், உடனே உட்கார்ந்தார். அவரிடம் ஒரு பாட்டு இருந்தது. சொந்தமாக மெட்டுப் போட்டது, நாலே வரி, ஆனால் வரிக்கு வரி நடுவில் நிறைய இடம் விட்டுப் பாட வேண்டியது. அதைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டு, ஒரு தடவையாவது ஆட்கள் நடுவில் பாட வேண்டுமென்று காத்திருந்தார் என்பதெல்லாம் அவர் வகுப்புக்குப் போகும் என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு மேடை கூப்பிடுகிறது, இவர் ஏன் மேஜையை விட்டு நகரமாட்டேன் என்கிறார்? மைக் செட்காரர் இருந்த இடம் வேறு காலியாக இருந்தது. குழல்காரர் குழலைத் தொட்டாலே அந்த ஆள் டீ குடிக்கப் போய்விடுவது வழக்கமாம். பணம் கொடுக்கிறவருடைய மைக்குக்கு நடப்பதை அவர் கண்ணால் பார்க்க விரும்பவில்லை.

அண்ணி என் கையைப் பிடித்து, மேலும் கீழும் நகரும் ஒரு பொத்தான்மேல் வைத்தார்.

"தம்பி, இதுதான் அவரு. அவரு குழலை எடுத்ததும் இதை அடிவரைக்கும் இறக்கிடுங்க. மெதுவா."

மேடையைத் திரும்பிப் பார்த்தேன். "அவருக்குத் தெரிஞ்சுடாதா அண்ணி?"

"அவரு காலடியில இருக்கிற ஸ்பீக்கர் தனி. அதுல அவரு வாசிக்கிறது அவருக்கு நல்லாவே கேக்கும். ஜனங்களுக்குத்தான் போகாது."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். முதல் விழாவில் அக்கார்டியன்காரர் பாதியில் பெட்டியை மூடிக்கொண்டு போய் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாராம். அதற்கடுத்த விழாவிலிருந்து இப்படித்தானாம். விருந்தாளிகளின் ஸ்பீக்கரிலும் குழல் வராது. முதல் இரண்டு வரிசைக்கு நேராகவே கேட்கும், ஆனால் அங்கே பிரமுகர்கள் உட்காருவதால் பாதகமில்லை. அவரிடமே சொல்லிவிட்டால் என்ன என்றேன்.

"சொன்னா குழலைக் கீழ வச்சிடுவாரு. விழாவும் அதோட போச்சு. அப்புறம் இவங்களையெல்லாம் இந்த ஊருக்கு யாரு தம்பி கூட்டிக்கிட்டு வருவா?" என்று சொல்லிவிட்டு அண்ணி மேடைக்குப் போனார்.

அண்ணி மேடை ஏறினால் அந்தப் பொத்தானுக்கு ஆள் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் நேரமில்லாமல் போயிருக்கிறது.

அண்ணி முதல் வரியைப் பாடி நிறுத்தினார். அந்த இடைவெளியைப் பார்த்ததும் குழல்காரரின் கை பைக்குள் போயிற்று. ஊரே மதிக்கும் ஒரு மனிதரை ஒரு விரலால் இறக்கப் போகிறேன். இறக்கினேன். அவர் கண்ணை மூடி, கன்னம் உப்பி, உடம்பெல்லாம் வளைந்து ஊதினார். என் பக்கம் ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில் படகுகளின் அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன்மேல் அண்ணி இரண்டாவது வரியை எடுத்தார். எனக்கு இசை தெரியாது என்று சொன்னேன் அல்லவா? இருந்தும் அடுத்த வரி எப்போது வரும் என்று காத்திருந்தேன். நாலாவது வரி முடிந்தபோது கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரேயடியாகத் தோன்றியது. நான் பொத்தானைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிட்டு, நாற்காலிகளைக் கவனிக்கப் போகிறவன்போல நகர்ந்துவிட்டேன்.

குழல்காரர் கண் கலங்கியிருந்தார். அண்ணி இறங்கி வந்ததும் கூடவே வந்து, தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்லாத்தான் பாடின. ஆனா நடுவுல நடுவுல வெறிச்சுனு விட்டுட்ட. நல்ல வேளை, நான் இருந்தேன்."

"ஆமாங்க," என்றார் அண்ணி. "நல்ல வேளை."

இதில் கேலியோ கோபமோ துளியாவது இருக்கிறதா என்று அண்ணியின் முகத்தை உற்றுப் பார்த்தேன். சந்தோஷம்தான் இருந்தது. அதற்குள் வேன் வந்துவிட்டது. தீவுக்காரர்கள் முரசுகளை இறக்கினார்கள், குழல்காரர் அவர்களுக்கு ஏற்ற குழலைத் தேட ஆரம்பித்தார், அண்ணி தன் நாற்காலிக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இதையெல்லாம் என் மனைவியிடமும் மகளிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். கூடவே, இந்த மாதிரி ஆட்களைப் பற்றி எனக்குள்ள பொதுவான கருத்துகளையும் சொன்னேன். இருவரும் சரியான இடங்களில் தலையாட்டினார்கள். ரொம்பச் சரியான இடங்களில். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குக் குழல் பிடிக்கவே தெரியாது, ஆற்றங்கரையில் மேடை போட்டதும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தம்பி வேலை மாறலாமா என்று யோசித்தபோது அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டது யார்? உங்கள் மருமகள் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தபோது, பாவம் தவிக்கிறாள் என்று உதவிக்குப் போனது யார்? நீங்கள் சொல்வதெல்லாம் உங்களுக்கு நன்றாகத்தானே கேட்கிறது? குழல்காரருக்கும் நன்றாகத்தான் கேட்டது. சந்தேகமிருந்தால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. இன்றைக்கு வீட்டில் எதையாவது உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிடுங்கள். மிச்சம் என்ன ஆச்சு என்று யாராவது கேட்கிறார்களா, பாருங்கள். நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. முதலில் நீங்கள் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.