முதலைக் குளத்துக் கொட்டை எழுத்து

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தில் ஒரே ஒரு முதலை இருந்தது. அது சித்திரையில் இரண்டு மான்களைத் தின்றது, வைகாசியில் மூன்று. ஆக ஐந்து. மிச்சம் பதினொன்று.

அந்தப் பதினொன்றில் ஒருத்தியான செம்பி, கரையில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லி வனசபைக்கு ஏழு முறை மனுக் கொடுத்தாள். ஏழாவது முறைதான் படிவத்தின் நிறம் சரியாக இருந்தது. பலகை கிடைத்தது. உயரம் எட்டுச் சாண், அகலம் இரண்டு சாண்.

எழுத்துக் கொத்துவது மரங்கொத்தியின் வேலை.

"இத்தனூண்டு அகலத்துல என்னண்ணே எழுத முடியும்?" என்றாள் செம்பி.

"புது எழுத்து ஒண்ணு பழகியிருக்கேன் தாயி. நல்ல தடிமன், நல்ல உயரம். முனையில பூ வேலை கிடையாது. கடைசி பஸ்ஸுல ஏறின கூட்டம் மாதிரி ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கும்."

ஒரு மரப்பட்டையில் 'முதலை' என்று கொத்திக் காட்டியது. செம்பி அறுபது அடி தள்ளி நின்று பார்த்தாள். தன்னையறியாமல் இன்னும் நாலடி பின்வாங்கினாள்.

"இதேதாண்ணே வேணும்!"

அப்போது வனசபைச் செயலாளர் நரி வந்தது. எழுத்தை அளந்தது. பலகையையும் அளந்தது.

"அட, இவ்வளவு இடம் மிச்சமாகுதா? அப்போ மேல தலைவர் யானையார் பேரைப் போடு."

மரங்கொத்தி போட்டது. பிறகு துணைத்தலைவர் கரடி, திறந்துவைக்கும் புலி, முன்னிலை வகிக்கும் காட்டெருமை, வாழ்த்திப் பேசும் கழுதை. நெருக்க நெருக்க எழுத்து இடம் கொடுத்தது; இடம் கொடுக்கக் கொடுக்கப் பெயர் வந்தது. மொத்தம் இருபத்துமூன்று. கடைசிப் பெயர், 'பலகை நட இடம் அளித்தவர்: முதலையார்.'

"அந்தாளு பேரு எதுக்குங்க?" என்றாள் செம்பி.

"கரை அவரோடதும்மா. ஒரு மரியாதை வேணாமா?"

எச்சரிக்கைக்கு என்று பலகையின் அடியில் இரண்டு விரல் உயரம்தான் மிஞ்சியது. அந்த அளவில் கொட்டை எழுத்து ஒன்றோடொன்று அப்பிக்கொண்டது. ஆகவே மரங்கொத்தி எறும்பு ஊர்ந்ததுபோல் பொடியாகக் கொத்தியது.

திறப்பு விழா நடந்தது. செம்பி அறுபது அடியில் நின்று பார்த்தாள். இருபத்துமூன்று பெயரும் பளிச்சென்று தெரிந்தன.

"எச்சரிக்கை எங்கேங்க?"

"இருக்கும்மா. கிட்டப் போய்ப் பாரு," என்றது நரி. "பயப்படாதே, முதலையாரும் மாலை போட்டுக்கிட்டு மேடையிலதான் உட்கார்ந்திருக்கார்."

மேடையில் இருபத்துமூன்று நாற்காலிகள். இருபத்திரண்டில்தான் ஆள் இருந்தது. எல்லாவற்றையும் எண்ணுகிற செம்பி அன்று அதை எண்ணவில்லை.

தண்ணீர் ஓரம் போய், கழுத்தை வளைத்துப் படித்தாள். 'முதலை உண்டு, நீரில் இற' என்பது வரை படித்தாள்.

மற்ற மான்கள் நரியிடம் போய் அழுதன. நரிக்குக் கோபம் வந்தது.

"முதலைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அறுபது அடிக்குத் தெரியுது. இதுக்கு மேல என்னய்யா எச்சரிக்கை?"

மறுநாள் அதே கரையில் இரண்டாவது பலகை நின்றது. 'கண்ணீர் அஞ்சலி.' கீழே அதே எழுத்தில் அதே இருபத்துமூன்று பெயர்கள். இந்த முறை முதலையார் முதலில். செம்பியின் பெயருக்குக் கிடைத்தது பலகையின் அடியில் இரண்டு விரல் இடம்.

அதைப் படிக்க மிச்சப் பத்து மான்களும் கிட்டே போயின.

நீதி: பொடி எழுத்தைத் தேடிப் போகாதே. உன்னைப் பற்றியதைத் தவிர அதில் வேறொன்றும் இருக்காது.